மேற்பரப்பில் கண்டெடுத்தவை

ஒலுமடுவுக்குத் திரும்புகிற வளைவில்
இரண்டு பரப்புக்கும் குறைவான அந்தத் துண்டை
நாங்கள் ஒன்பது பேர்
முழங்காலில் நின்று துடைத்தோம்,
மாசி தொடங்கி வைகாசி முடிய.
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்.
வேர் குறுக்கிட்டால் அதிலும் பாதி.

எடுத்தது மிதிவெடி முப்பத்தொன்று,
ஒரு சிலிப்பரின் வார்,
பெயர் வெட்டிய எவர்சில்வர் மூடி ஒன்று.
மூடியை எழுதப் படிவத்தில் இடமிருக்கவில்லை.

பிறகு நிலத்தைக் கையளித்தார்கள்.
பந்தல், கதிரை, சோடா.
மண்டையோட்டுப் பலகையைக் கழற்ற மட்டும்
ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அங்கே முதலில் குடியேறியது
மனிசரில்லை, மாடுமில்லை,
ஒரு வெள்ளைச் சொப்பிங் பை.
அடுத்த கிழமை அதன் இனசனம் வந்தது:
பம்பேர்ஸ், கோழிக்கடை இறகு,
கலியாண வீட்டு லஞ்ச் சீற்,
உடைந்த கொமட் ஒன்று.
பலகை நிற்கிற இடத்தில்
ஒருவரும் இறங்கிப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே எறிந்தார்கள்.
நல்ல குறி.

பிரதேச சபைக்கு எடுத்தேன்.
கதைத்த பிள்ளை மரியாதையானவர்.
"அக்கா, றோட்டு எங்கடை இல்லை, வீதி அதிகார சபையின்ரை.
அங்கால காடு வன இலாகா.
குப்பை எந்தப் பக்கம் சாய்ஞ்சு கிடக்கு?"
போய்ப் பார்த்தேன்.
உண்மையாகவே போய்ப் பார்த்தேன்.
மூன்று பக்கமும் சாய்ந்து கிடந்தது.

அன்றைக்குத்தான் அந்தச் சாக்கு.
யூரியாப் பை, வாய் கட்டியது,
பலகையிலிருந்து நாலடி.
அசைந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடியள் இரண்டு பேர்
சைக்கிளைப் பிடித்தபடி தள்ளி நின்றார்கள்.
எங்கள் ஆட்கள்தான் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னது:
தெரியாத பொருளைத் தொடாதே,
எட்ட நில், பெரியாக்களுக்குச் சொல்.
சொன்னபடி கேட்ட பிள்ளைகள்.
"காலமை போகேக்கையும் அழுதது அன்ரி,"
என்றான் சின்னவன்.
காலமை.
இப்போது மணி இரண்டு.

அசையாததற்குப் பயப்படத்தான்
எட்டு வருசமாய்ப் பழகியிருக்கிறேன்.
அசைகிறதற்கு என்ன செய்வதென்று
ஒரு பாடத்திலும் இல்லை.
நானே கையெழுத்து வைத்த நிலம்,
சுத்தமென்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் முழங்கால் தானாக மடிந்தது,
கை மண்ணைத் தடவித் தடவிப் போனது.

கட்டை அறுத்தேன். ஐந்து.
இரண்டு விறைத்திருந்தன.
கறுப்பு ஒன்று
என் விரலைப் பால் என்று நம்பியது.
பெரியவன் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் தண்ணீர் வார்த்தான்.
சின்னவன் பள்ளிச் சேர்ட்டைக் கழற்றினான்,
"அம்மா அடிப்பா" என்று சொல்லிக்கொண்டே.

இரவு பழைய படிவம் ஒன்றை எடுத்தேன்.
ஆழம்: மேற்பரப்பு.
வகை: வீட்டுக் கழிவு.
உயிருள்ளவை மூன்று, உயிரற்றவை இரண்டு.
ஆபத்துக்குரியோர்: அவ்வழியால் நடக்கும் எல்லாரும்.
வைத்தவர்:
இந்தக் கேள்விக்கு நாங்கள் எப்போதும்
கோடுதான் கீறுவது.
கண்டவர் என்ற இடத்தில்
முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதினேன்.
மூன்று பிரதி. மூன்று கந்தோர்.

வியாழக்கிழமை ட்ரக்டர் வந்தது.
வீதியின் வெள்ளைக் கோடு வரைக்கும் அள்ளியது,
ஒரு இறகு கூடத் தாண்டவில்லை.
மிச்சத்தை நானும் குகதர்சினியும்
ஒரு பாய் அகலம், ஒரு பாய் அகலமாக எடுத்தோம்.
பழைய கையுறைதான்.
கடந்துபோன பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது.
யன்னலோரத்து முகங்கள்
இன்னும் வெடியிருக்கு என்று நினைத்திருக்கும்.

பலகையை நான் கழற்றவில்லை, எனக்கு அதிகாரமில்லை.
அதற்கும் ஒரு படிவம் போயிருக்கிறது.

இன்று விடிய, வளைவில்
ஒரு சொப்பிங் பை. புதுசு.
என்னிடம் படிவம் இன்னும் பதினொன்று.
கறுப்பு ஒன்றைக் கடித்துவிட்டது.
பத்து.